வண்டியில் ஏறிய ஓடம்

ஹட்டன் ரோட்டில், கினிகத்தேனை ஏற்றத்தில் கிரீஸ் கருகும் மணம் வந்தது. இருபது வருடமாகத் தேயிலை ட்ரையருக்குப் பக்கத்தில் நின்று பழகிய மூக்கு என்னுடையது. கருகல் எந்தப் பக்கம் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடும். மச்சானிடம் கெப்பை ஓரங்கட்டச் சொல்லிவிட்டு இறங்கிப் பார்த்தேன். ட்ரெய்லரின் இடது சக்கரத்து ஹப், கை வைக்க முடியாத சூடு. அதற்கு மேலே, நீலத் தார்ப்பாய்க்குள்ளிருந்து மூக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு, நான் வாழ்க்கையில் முதன்முதலாக வாங்கிய படகு. வாங்கி ஆறு மணித்தியாலம்கூட ஆகவில்லை.

எதிரே ஒரு தேத்தண்ணிக் கடை. கடைக்காரப் பெரியவர் வெளியே வந்து படகையும் மலையையும் மாறி மாறிப் பார்த்தார். "ஓடமும் ஒருநாள் வண்டியில ஏறும்னு சொல்வாங்க. கண்ணால இன்னைக்குத்தான் பாக்குறேன்" என்றார். பிறகு, "கீழ இருக்கிற தண்ணி பத்தலையா தம்பி?" என்று கேட்டார். பதில் இல்லாமல் தேத்தண்ணி குடித்தோம்.

அரைக் கட்டை தள்ளி த்ரீவீலர் திருத்தும் கராஜ் ஒன்று இருந்தது. அங்கிருந்த பையன் டயரின் ஓரத்து அழுக்கைத் துடைத்து வாசித்தான்: 4.00-8. "அண்ணே, இது நம்ம த்ரீவீல் டயருதானே!" ட்ரெய்லர் இங்கிலாந்தில் செய்தது. அங்கே சின்னப் படகுகளை இழுக்கிற ட்ரெய்லருக்கும் இங்கே ஹட்டன் டவுனில் ஓடுகிற பஜாஜுக்கும் ஒரே அளவு டயர் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். பேரிங் தூளாகியிருந்தது. அவன் எதையெதையோ கடைந்து, தட்டி, ஒரு பேரிங்கை உள்ளே ஏற்றிவிட்டான். வீடு வந்து சேர இரவு பத்து மணி. படகைச் சுற்றிச் சுற்றி ஒரு மணித்தியாலம் பார்த்தவன், சக்கரத்தை ஒரு தடவை கையால் சுற்றிப் பார்க்கவில்லை. பழைய படகு வாங்கப் போகிறவர்கள் இதை மட்டுமாவது என்னிடமிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

காலையில் அம்மா வெளியே வந்து பார்த்தார். "இது என்னாடா, மாட்டுத் தொட்டியா?"

மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் டீமேக்கராக, அதாவது ஃபேக்டரியில் தேயிலை செய்வதைப் பார்த்துக்கொள்கிறவனாக, இருக்கிறேன். பிறந்தது தோட்டத் தொழிலாளர் லயத்தில். இப்போது ஸ்டாஃப் குவாட்டர்ஸ். இரண்டு இடத்திலிருந்தும் கண்ணுக்குத் தெரிவது ஒரே தண்ணீர்தான், மவுசாக்கலை நீர்த்தேக்கம். மஸ்கெலி ஓயாவை மறித்து 1960களின் கடைசியில் கட்டியது. இங்கே தேங்குவதுதான் கெனியன், லக்ஸபான என்று படிப்படியாக இறங்கி மின்சாரமாகிறது. அதற்கு விலையாகப் போனது பழைய மஸ்கெலியா டவுன். கடைவீதி, கோயில், பௌத்தப் பன்சலை, பள்ளிவாசல் எல்லாம் அடியில் இருக்கின்றன. மழை பிந்திய வருடங்களில் தண்ணீர் வடிந்தால் கோயில் வெளியே வரும். சனம் திரண்டு போய்க் கற்பூரம் கொளுத்தும், படம் பிடிக்கும். அம்மா ஒரு தடவைகூடப் போனதில்லை. அவருக்குப் பன்னிரண்டு வயதில் அந்த டவுனை விட்டு மேலே ஏறினார்கள். தாத்தா அங்கே ஒரு பலசரக்குக் கடையில் சிப்பந்தி. "முங்கின ஊரை என்னத்தப் பாக்குறது" என்பார், அவ்வளவுதான்.

எங்கள் ஆட்களுக்கும் அந்தத் தண்ணீருக்கும் ஒட்டே கிடையாது. கரையில் விறகு பொறுக்குவோம், சிலர் தூண்டில் போடுவார்கள். வருடத்துக்கு ஒரு பிள்ளையாவது ஏதாவதொரு நீர்த்தேக்கத்தில் போய்விட்டது என்ற செய்தி வரும். அதோடு தாய்மார் எல்லோரும் இன்னும் இறுக்குவார்கள். நீந்தத் தெரியாமலே நாற்பத்தைந்து வயதுவரை வந்துவிட்டேன். ஏன் படகு வாங்கினாய் என்று கேட்டால் ஒழுங்கான காரணம் இல்லை. இருபது வருடமாக, ஃபேக்டரியில் கொழுந்தை வாட்டும் மாடியின் ஜன்னல் வழியே, பின்னேரத்தில் காற்று அந்தத் தண்ணீரில் கருநீலமாகக் கோடு கிழித்துக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். காற்றைத் தேயிலைக்கு ஊதுகிறவன் நான். அவ்வளவு காற்று சும்மா போகிறதே என்று இருந்தது.

படகு, மொரட்டுவைப் பக்கம் பொல்கொட ஆற்றோரத்தில் ஒரு வீட்டின் பின்னால் கிடந்தது. வைத்திருந்தவர் காலமாகி, பிள்ளைகள் காணியைத் துப்புரவாக்கிக்கொண்டிருந்தார்கள். அறுபதாயிரம் ரூபா, ட்ரெய்லரோடு. எண்டர்பிரைஸ் என்ற வகை. ஜாக் ஹோல்ட் என்ற ஆங்கிலேயர் 1956இல் வடிவமைத்தது. பதின்மூன்றேகால் அடி நீளம், ஒட்டுப்பலகை உடம்பு, இரண்டு பேர் ஓட்டுவது. வீட்டு முற்றத்தில் பலகை வெட்டிச் செய்துகொள்ளலாம் என்ற எண்ணத்தில் போட்ட வடிவம். பாய் நீல நிறம், அதுதான் இதன் அடையாளம். நான் அதையெல்லாம் யோசித்து வாங்கவில்லை. நாலு பேர் தூக்கலாம், எங்கள் ரோட்டில் இழுக்கலாம் என்பதற்காக வாங்கினேன்.

முதல் ஞாயிற்றுக்கிழமை ஸ்க்ரூட்ரைவரின் பிடியால் படகு முழுவதையும் தட்டினேன், பலாப்பழம் தட்டுகிற மாதிரி. நல்ல பலகை 'டக்' என்கிறது. கெட்டது 'பொத்' என்கிறது. 'பொத்' கேட்ட இடமெல்லாம் சோக்கால் வட்டம் போட்டேன். பின்பலகையின் இரண்டு மூலை, பாய்மரம் நிற்கும் இடத்தின் சுற்றுப்புறம், நடுவில் சென்டர்போர்ட் (படகு பக்கவாட்டில் நழுவாமலிருக்கத் தண்ணீருக்குள் இறக்கும் பலகை) இறங்கும் கூட்டின் அடி. ஸ்க்ரூட்ரைவரைத் திருப்பிக் குத்தினால், தேத்தண்ணியில் நனைத்த ரஸ்க் மாதிரி உள்ளே போனது.

விநோதம் என்னவென்றால், இந்த உளுத்தல் எதுவும் ஆற்று நீர் பட்ட இடத்தில் இல்லை. மழைத்தண்ணீர் தேங்கி நின்ற இடத்தில்தான். மரத்தைத் தின்கிற பூஞ்சணத்துக்கு உப்பு ஆகாது. பொல்கொட உவர் நீர். அடிப்பக்கம் ஊறுகாய் போல அப்படியே இருந்தது. நல்ல தண்ணீர்தான் நாசம் செய்திருக்கிறது. நானோ அதை வருடம் முழுக்க மழையும் மூடுபனியுமாக இருக்கிற ஊருக்கு ஏற்றி வந்திருக்கிறேன். உப்பு ஒன்றை மட்டும் கெடுத்திருந்தது, பித்தளை ஸ்க்ரூக்களை. பித்தளையில் இருக்கிற துத்தநாகம் கரைந்து போய் இளஞ்சிவப்பாக மாறி, திருகினால் மாரி பிஸ்கட் போல உடைந்தன.

அடுத்து ஈரம். மரத்தில் இருபது சதவீதத்துக்குக் கீழே ஈரம் இருந்தால் பூஞ்சணம் வளராது. எபொக்சி (இரண்டு திரவத்தைக் கலந்து பூசினால் இறுகுகிற பசை) பூச வேண்டுமென்றால் பன்னிரண்டுக்குக் கீழே வர வேண்டும். இதைப் படித்ததும் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஈரம்தானே என் தொழில்? கொழுந்தை வாட்டி ஐம்பத்தைந்து சதவீதத்துக்குக் கொண்டுவருவதும், ட்ரையரில் போட்டு மூன்றுக்கு இறக்குவதும்தான் எனக்குச் சம்பளம்.

வாட்டும் தொட்டி எப்படி வேலை செய்கிறதோ அப்படியே ஒன்று கட்டினேன். படகைக் கவிழ்த்து, அடியில் நூறு வாட் பல்ப் நாலு, ஒரு முனையில் மேசை ஃபேன், மேலே தார்ப்பாய்க் கூடாரம், மறுமுனையில் காற்று போக ஒரு வாய். பலகையிலிருந்து ஒரே மாதிரி இரண்டு துண்டு வெட்டினேன், ஒவ்வொன்றும் 60 கிராம். ஒன்றை ஃபேக்டரியில் தேயிலையின் ஈரம் பார்க்கும் அவணில் போட்டு முழுக்கக் காயவைத்தேன். 40 கிராமில் நின்றது. மற்றதைப் படகுக்குள் கம்பியில் தொங்கவிட்டு, வாரம் ஒருமுறை நிறுத்தேன். 56. 52. 49. ஆறாவது வாரம் 45. நாற்பத்தைந்தில் ஐந்து போனால் பதினொரு சதவீதம்! மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அங்கேதான் பிழை. நாங்கள் தேயிலையில் ஈரத்தைப் பச்சை நிறைக்குக் கணக்குப் பார்ப்போம். மரக்காரர்கள் காய்ந்த நிறைக்குப் பார்க்கிறார்கள். நாற்பதுக்கு ஐந்து என்றால் பன்னிரண்டரை. ஆரம்பத்தில் நான் முப்பத்து மூன்று என்று எழுதி வைத்திருந்தது உண்மையில் ஐம்பது. அரைச் சதவீதம் பெரிய விஷயமில்லைதான், இன்னும் பத்து நாள் வாட்டினால் போதும். ஆனால் தொழில் தெரிந்தவன் என்ற மிதப்பில் இருந்தவனுக்கு அது கொஞ்சம் சுட்டது. மகள் கேட்டாள்: "அப்பா, அப்போ டீயையும் பிழையாத்தான் காயவைக்கிறீங்களா?"

புதுப் பலகை வாங்கிய கதை சின்னது. ஒரு கடையில் 'மெரின் ப்ளை, பீஎஸ் 1088' என்று முத்திரை குத்திய பலகையைக் கொடுத்தார்கள், விலையும் அதற்கேற்ற மாதிரி. படகுப் பலகைக்கான பிரித்தானியத் தரம் அது. அந்த முத்திரை உண்மையாக இருந்தால் கொதிநீரிலும் பசை விடக்கூடாது. ஒரு துண்டை வெட்டிச் சோற்றுப் பானையில் போட்டு அடுப்பில் வைத்தேன். இரண்டாவது மணித்தியாலத்தில் அது கொத்துக்குப் போகிற பராட்டா மாதிரி ஏடு ஏடாகப் பிரிந்து மிதந்தது. பலகையைத் திருப்பிக் கொடுத்தேன், காசு பாதிதான் வந்தது. பானை விஷயம் வீட்டில் இன்னும் தீரவில்லை. நல்ல பலகை, மொரட்டுவைக்கே ஆள் விட்டு எடுப்பித்தேன்.

ஆசாரி மாமா இல்லாவிட்டால் அந்தப் பலகையும் வீணாகியிருக்கும். தோட்டத்தில் ஆசாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், எழுபத்தைந்து தாண்டிவிட்டது. தோட்டத்தில் எல்லோரும் என்னை ஐயா என்பார்கள். அவர் மட்டும் தம்பி என்பார். என் அப்பா காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பிரட்டுக்களத்தில் வரிசையில் நின்ற காலத்திலிருந்து தெரிந்தவர். படகை ஒருதடவை சுற்றி வந்தார். விரலால் பலகையின் ஓரத்தை நெருடினார்.

"தம்பி, இது டீப்பெட்டிப் பலகைதானே?"

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. தேயிலை கடதாசிச் சாக்கில் போவதற்கு முன்னால், ஒட்டுப்பலகைப் பெட்டியில்தான் கப்பலேறியது. அந்தப் பெட்டிகளை வருடக்கணக்காக அடித்துப் பூட்டியவர் அவர். எந்தப் பக்கம் வளையும், எந்தப் பக்கம் முறியும், ஓரத்திலிருந்து எவ்வளவு தள்ளி ஆணி வைக்க வேண்டும் என்பதெல்லாம் அவர் கைக்கு மனப்பாடம். பெட்டி முடிந்து போனதோடு அந்த மனப்பாடமும் சும்மா கிடந்தது.

அவருக்கு நான் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்று. பழைய பலகையோடு புதிய பலகையை முட்டவைத்து ஒட்டக்கூடாது, இரண்டையும் சரிவாகச் சீவி ஒன்றின்மேல் ஒன்று படுக்கவைத்து ஒட்ட வேண்டும், சரிவு எட்டுக்கு ஒன்று. ஆறு மில்லிமீற்றர் பலகை என்றால் நாற்பத்தெட்டு மில்லிமீற்றர் சரிவு. கேட்டுக்கொண்டு, தன் பழைய இழைப்புளியைத் தீட்ட ஆரம்பித்தார். தீட்டவே ஒரு காலை போய்விட்டது. பிறகு சீவினார். ஒட்டுப்பலகையைச் சரிவாகச் சீவும்போது ஏடுகள் ஒவ்வொன்றும் நாடா மாதிரி வெளியே தெரியும். ஏட்டுக்கும் ஏட்டுக்கும் நடுவில் பசை ஒரு கருங்கோடாக ஓடும். அந்தக் கோடு வளைந்தால் அந்த இடத்தில் பள்ளம். நான் மட்டம் வைத்துப் பார்க்கப் போனேன். "அத எடுத்து வையுங்க, இந்தக் கோடே சொல்லுதே" என்றார். சீவி முடித்தபோது நாலு கோடும் அடிமட்டத்தால் இழுத்த மாதிரி இருந்தன. குனிந்து உள்ளங்கையால் ஒருமுறை தடவினார், தூளை ஊதினார், வெற்றிலை போடப் போய்விட்டார்.

இனி என் மடத்தனம். ஃபைபர் படகு செய்கிற ஒருவர் போனில் சொன்னார், "முழுசுக்கும் ஃபைபர் மெட் போட்டு ரெசின் ஊத்தி விடுங்க, ஐம்பது வருஷத்துக்குப் பாக்கவே தேவையில்ல." அதைக் கேட்காமல் விட்டேன், அது சரி. அவர்கள் பாவிக்கிற பொலியெஸ்டர் ரெசின் மரத்தில் நன்றாகப் பிடிக்காது. ஈரத்தை உள்ளே அடைத்துவைத்துவிட்டு ஒருநாள் தோல் மாதிரிக் கழன்று வரும். எபொக்சிதான் வேண்டும். ஆனால் எபொக்சிக்கு எங்கள் ஊர் குளிர் ஆகாது என்பதை நான் லேசாக எடுத்துக்கொண்டேன்.

ஜனவரி மாதம். பகலில் நல்ல வெயில். பின்னேரம் மூன்று மணிக்கு, இரண்டுக்கு ஒன்று என்று அளந்து கலக்கி முதல் பூச்சு பூசினேன். நாலு மணிக்கு மூடுபனி இறங்கியது. இரவு வெப்பமானி பன்னிரண்டு பாகை காட்டியது. பத்துப் பாகை குறைந்தால் இறுகும் நேரம் இரட்டிக்கும் என்பது பொதுக் கணக்கு. மூன்று நாள் கழித்தும் விரல் ஒட்டியது. நாலாம் நாள் ஒட்டவில்லை, வழுவழுவென்று இருந்தது. காய்ந்துவிட்டது என்று இரண்டாவது பூச்சும் போட்டேன். அந்த வழுவழுப்பு, குளிரிலும் ஈரக்காற்றிலும் எபொக்சியின் மேலே படிகிற மெழுகு மாதிரியான ஏடு. தண்ணீர் ஊற்றித் தேய்த்துக் கழுவியிருந்தால் போயிருக்கும். கழுவாமல் பூசியதில் இரண்டாவது பூச்சு பாலாடை மாதிரி எழும்பியது. எண்பதாம் நம்பர் சாண்ட் பேப்பரோடு இரண்டு சனி ஞாயிறு. கையில் ரேகை இல்லாமல் போய், ஃபேக்டரியில் விரல் வைக்கிற மிஷின் என்னை ஏற்கவில்லை.

அதற்குப் பிறகு ஒழுங்காகச் செய்தேன். ரெசின் டின்னைச் சுடுதண்ணீரில் நிறுத்திவைப்பது. கூடாரத்துக்குள் பல்ப் போட்டுப் பலகையைச் சூடாக்குவது. பூசும் நேரத்தில் பல்பை அணைத்துவிடுவது. சூடேறும் பலகை காற்றை வெளியே விடும், பூச்சில் கொப்புளம் வரும். சூடு இறங்கும் பலகை காற்றை உள்ளே இழுக்கும், ரெசினையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். பூச்சு கொஞ்சம் பிடித்ததும் மறுபடி பல்ப். ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவில் தேங்காய் நாரும் தண்ணீரும் போட்டுக் கழுவுவது. இந்த மூச்சிழுக்கிற கணக்கு சக்கரத்துக்கும் உண்டு. ரோட்டில் ஓடிச் சூடான ஹப்பை உடனே தண்ணீரில் இறக்கினால் உள்ளே காற்று சுருங்கித் தண்ணீரை இழுக்கும், பேரிங் அத்தோடு சரி. கினிகத்தேனையில் தூளானதும் இப்படித்தான் போயிருக்க வேண்டும். இப்போதெல்லாம் கரைக்குப் போனால் ஒரு தேத்தண்ணி குடித்து, ஹப் ஆறிய பிறகுதான் இறக்குவது.

பாயை எடுத்துக்கொண்டு டவுனில் ஒரு டெய்லரிடம் போனேன். துணி உறுதியாக இருந்தது, நூல்தான் வெயிலில் செத்திருந்தது. விரல் வைத்து இழுத்தால் தையல் முழுவதும் 'பர்' என்று விட்டது. அந்த அண்ணன் கொழுந்தெடுக்கிற பெண்கள் இடுப்பில் கட்டுகிற படங்கு தைக்கிறவர். மொத்தத் துணிக்கும் மொத்த ஊசிக்கும் அவரை விட்டால் ஆளில்லை. பாயைக் கடைத் தரையில் விரித்தார். விரியவில்லை. நடுவில் புடைத்துக்கொண்டு நின்றது. கையால் அழுத்தினால் இன்னொரு பக்கம் புடைத்தது. பழசாகி இழுபட்டுப்போய்விட்டது என்றுதான் நான் நினைத்தேன். அவர் இரண்டு துணிக் கீலங்கள் சேரும் தையலைப் பிடித்து, விளிம்போடு விரலை ஓட்டிப் பார்த்தார்.

"இது இழுபடலங்க ஐயா. வேணும்னே வளைச்சு வெட்டியிருக்கான். ரவிக்கைக்கு டாட் பிடிக்கிறோமே, அந்த மாதிரி. உள்ள ஒண்ணு நெறையணும்ல."

காற்று நிறைய வேண்டும். பாய் தட்டையாக இருந்தால் படகு ஓடாது. அந்த வயிறுதான் இழுவை. படகையே பார்த்திராத மனிதர் பத்து நிமிடத்தில் சொல்லிவிட்டார். பழைய ஊசித் துளைகளிலேயே மறுபடி தைத்தார். வெயில் தாங்குகிற நூல் கொழும்பிலிருந்து வர மூன்று வாரம் எடுத்தது.

சொற்கள் இல்லாமல் இருந்தது இன்னொரு கஷ்டம். ஆசாரி மாமாவிடம் படகின் முன்பக்கம், பின்பக்கம் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். இங்கே பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிற ஒரு சேர், வல்வெட்டித்துறைக்காரர். கேள்விப்பட்டு வந்தார், கைகட்டிக்கொண்டு நின்று பார்த்தார். "உங்கட வள்ளத்தின்ர அணியம் நல்லாத்தான் கிடக்கு" என்றார். முன்பக்கத்துக்கு அணியம் என்ற அழகான சொல் இருப்பது அப்படித்தான் தெரிந்தது. பாயை இழுத்துத் தளர்த்துகிற கயிறு தாமான். அவர் ஊரில் வேப்பமரத்தில் கட்டிய அன்னபூரணி என்ற கப்பல், பாய் விரித்து 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் வரைக்கும் போன கதையை அன்றைக்கு முழுவதும் சொன்னார். போகும்போது, "நீங்கள் இந்தக் குளத்துக்கை ஓட்டப் போறியள்" என்றார். பகிடியா, பரிதாபமா தெரியவில்லை.

அனுமதிக்கு ஒரு கந்தோரில் மூன்று நடை. படிவத்தில் எஞ்சின் இலக்கம் என்று ஒரு கட்டம். வெறுமையாக விட்டால் படிவத்தை ஏற்க மாட்டார்கள், 'இல்லை' என்று எழுதினால் அது இலக்கமில்லை. கடைசியில் ஒரு நல்ல மனிதர் கோடு ஒன்று இழுத்துவிட்டுக் கையெழுத்து வைத்தார்.

இதற்கிடையில் நீந்தப் பழகினேன். ஆற்றுமடுவில், நாற்பத்தைந்து வயதில், என் மகளோடு, அவளுடைய சிநேகிதிகள் பார்த்துச் சிரிக்க. பாய்க்கு நூல் வாங்குவதற்கு முன்பே இரண்டு லைஃப் ஜாக்கெட் வாங்கியிருந்தேன். இந்தப் படகுகளுக்குள் காற்றுப் பைகள் கட்டியிருப்பார்கள், கவிழ்ந்தாலும் மிதக்க. எனக்கு வந்த பைகள் எலிக்கு இரையாகியிருந்தன. மூடி இறுகிய இருபது லீற்றர் பிளாஸ்டிக் கேன்கள் எட்டை நாடாப் பட்டியால் இறுக்கிக் கட்டினேன். ஒவ்வொன்றும் இருபது கிலோ தாங்கும். அழகில்லை. கரையோரத்தில் வேண்டுமென்றே மூன்று தடவை கவிழ்த்து, சென்டர்போர்டின் மேல் ஏறி நின்று நிமிர்த்திப் பார்த்த பிறகுதான் மகளை ஏற்றினேன்.

தைப்பூசம் கழிந்த ஞாயிறு. தண்ணீர் நன்றாக இறங்கியிருந்தது. பழைய பாதையொன்றின் துண்டு கரையில் வெளிப்பட்டு, நேரே தண்ணீருக்குள் போய்க்கொண்டிருந்தது. ட்ரெய்லர் இறக்க அதைவிட நல்ல இடம் கிடையாது. ஆசாரி மாமா, டெய்லர் அண்ணன், சேர், மச்சான், லயத்துப் பிள்ளைகள் எல்லோரும் வந்தார்கள். அம்மா வரவில்லை.

காற்றுக்கு நேர் எதிரே எந்தப் பாய்ப்படகும் போகாது. கோணலாக ஒரு பக்கம் போய், திரும்பி மறுபக்கம் போய், அப்படியே ஏறவேண்டும். இதைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் படித்தும் எனக்கு மண்டையில் ஏறியிருக்கவில்லை. மகள் அணியத்துச் சின்னப் பாயின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "மலை ரோடு மாதிரிதானே அப்பா. நேரா ஏற முடியாதுன்னுதானே வளைச்சு வளைச்சுப் போட்டிருக்காங்க." அதன்பிறகு ஏறிவிட்டோம். மலைக்குள் காற்று ஒழுங்காக வராது. சிவனொளிபாதமலைப் பக்கத்து இடைவெளியிலிருந்து ஒரு தள்ளு வரும். பாய் நிறையும், படகு சரியும், தண்ணீர் அடியில் கிசுகிசுக்கும். அடுத்த வளைவில் ஒன்றுமே இருக்காது, பாய் தொங்கிப்போகும். சும்மா மிதந்துகொண்டு எங்கள் ஃபேக்டரியைப் பார்த்தேன். நான் நிற்கிற ஜன்னல் எது என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

மூன்றாவது தடவை போனபோது தெற்குப் பக்கத்து வளைவொன்றில் 'கடக்' என்று ஒரு சத்தம். படகு நின்று, தடுமாறி, மறுபடி நகர்ந்தது. சென்டர்போர்டைக் கயிற்றால் இழுத்து மேலே எடுத்தேன். அடிமுனையில் ஒரு கை அகலத்துக்கு உடைவு. ஏதாவது மரக்குற்றியாக இருக்கும் என்று திரும்பி வந்துவிட்டோம்.

வீட்டில் அதைக் கழற்றிக் குசினிச் சுவரில் சாய்த்துவைத்தேன். அம்மா சோறு வடித்துக்கொண்டிருந்தவர் வந்து குனிந்து பார்த்தார். உடைந்த ஓரத்தில் காவி நிறத்தில் ஒரு தீற்றல், அதன்மேல் வெள்ளையாக ஏதோ. நகத்தால் சுரண்டி, விரல்களுக்கு நடுவில் தேய்த்தார்.

"எங்க திரும்புன?"

சொன்னேன். அவருக்கு விளங்கவில்லை. எனக்குத் தெரிந்தது தண்ணீர், அவருக்குத் தெரிந்தது தெரு. மேசையில் இருந்த கோப்பையை எடுத்துக் கோயில் என்றார். தீப்பெட்டியைப் பாலம் என்றார். கரண்டி கடைவீதி. "இப்படி நிண்டா சிவனொளிபாதம் எந்தத் தோளுக்கு நேரா வரும்?" என்று கேட்டார். இடது தோள் என்றேன். உப்புப் போத்தலை எடுத்துக் கரண்டியின் நுனியில் வைத்தார்.

"கருங்கல்லுன்னா பலகை பிளந்திருக்கும். இது செங்கல்லு, சுண்ணாம்பு பூசுனது. அந்தப் பக்கம் செங்கல்லுக் கட்டடம் பேக்கரி ஒண்ணுதான். தாத்தா கடைக்கு நாலாவது."

மரக்குற்றியிலும் செம்மண் இருக்கும், அம்மா, என்றேன். "ஒனக்கு என்னா தெரியும்" என்று கோப்பையை எடுத்துக் கழுவப் போய்விட்டார்.

உடைந்த இடத்தில் ஈரம் ஏறியிருக்கிறது. அதிலிருந்து இரண்டு துண்டு செதுக்கி, ஒன்றை அவணில் போட்டாகிவிட்டது. மற்றது குசினியில், அடுப்புக்கு மேலே கம்பியில் தொங்குகிறது. இந்தத் தடவை காய்ந்த நிறைக்குத்தான் கணக்கு. இன்று காலை பதினாறு சதவீதம். அம்மா இந்த வாரத்தில் மூன்று தடவை கேட்டுவிட்டார், அது எப்போது காயும் என்று.